கல்யாணி வரைந்த சிவப்பு மூலை

கல்யாணி ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவள். சிறுசேரி அலுவலகத்தில் ஆறு வருடமாக எனக்குப் பக்கத்து மேசை. மூடிய கட்டடத்துக்குள் விசிறிக் காற்று எப்படி ஓடும், எங்கே தேங்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அவளைப் பற்றி நல்லவிதமாக மட்டும் எழுத எனக்கும் ஆசைதான்.

போன சித்திரையில், மாமல்லபுரம் போகும் வழியில் இருக்கும் ஒரு கைப்பை தைக்கும் கம்பெனி எங்களிடம் வந்தது. ஜன்னல் இல்லாத தகரக் கொட்டகை, தொண்ணூறு பெண்கள். ஆறு பெரிய சுவர் விசிறிகளில் இரண்டைக் கழற்றிவிடலாமா என்பது முதலாளியின் கேள்வி. கல்யாணி நேரில் போய் டேப் பிடித்து அளந்தாள். கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு பெண்ணையும் நூறு வாட் சூடு விடும் உருளையாக நட்டு வைத்தாள். எங்கள் தொழிலில் மனிதர்களுக்கு அதுதான் உருவம்.

நாலு விசிறி போதும் என்று வந்தது. ஈசானிய மூலையில் மட்டும் காற்று நுழையவில்லை. அங்கே மூன்று இருக்கைகளில் நாற்பது டிகிரி. படத்தில் அந்த இடம் சிவப்பாக விழுந்தது. 'இங்கே யாரையும் உட்கார வைக்க வேண்டாம்' என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல அறிக்கையில் எழுதி, கலர் படத்தையும் சேர்த்து அனுப்பினாள்.

ஒரு மாதம் கழித்து, அளவு சரிபார்க்க இருவரும் போனோம். படம் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருந்தது. சிவப்பு மூலையில் மூன்று பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

சூப்பர்வைசர் பார்த்திபனுக்கு ஒரே சந்தோஷம். "லேட்டா வந்தாலோ எதுத்துப் பேசினாலோ அங்க குந்த வெச்சிடுவேன் மேடம். ஒரே வாரத்துல எல்லாம் வழிக்கு வந்துட்சு. சோக்கான படம்!"

நடுவில் இருந்தவள் சம்பூர்ணம், ஐம்பது வயதுக்கு மேல். இரண்டாவது தடவை பாத்ரூம் போகக் கேட்டதற்காக நாலு நாளாக அங்கே. ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. வியர்வை கண்ணில் இறங்கி, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

"இங்க சூடுன்னு கண்டுபுட்சது நீதானாம்மா? நேத்து மயக்கம் வந்து வுழுந்துட்டேன். என்னை மட்டும் வேற எடத்துக்கு மாத்தச் சொல்லேன்."

"சொல்றேம்மா," என்றாள் கல்யாணி.

வெறும் வாய்வார்த்தையாகச் சொல்லவில்லை. மறுநாளே வழி கண்டுபிடித்தாள். கம்ப்யூட்டரில் ஒரு விசிறியை இருபது டிகிரி திருப்பிப் பார்த்தாள், சிவப்பு காணாமல் போனது. புதுப் படத்தைப் பார்த்திபனுக்கு அனுப்பினாள். எனக்கும் பெருமையாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

அவன் உடனே போன் செய்தான். "இன்னா மேடம், மூலையே பூட்சே! அது இல்லாம நான் எப்டி வேல வாங்குறது? இந்தாண்ட திருப்பினா கொறையுதுன்னா, அந்தாண்ட திருப்பினா ஜாஸ்தி ஆவும்ல? மூணு சீட்டு பத்தல. எட்டா பண்ணிக் குடுங்க."

கல்யாணி மேலாளர் நிதினிடம் ஓடினாள். அவர் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கஸ்டமர் கேக்கறதைக் குடுங்க. யாரை எங்க உட்கார வைக்கிறாங்கங்கறது நம்ம வேலை இல்ல."

அவள் அழுதாள். முகம் கழுவிக்கொண்டு வந்தாள். பிறகு விசிறியை எதிர்ப்பக்கம் திருப்பினாள். ஏழு இருக்கை சிவந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினாள், ஒன்பது. சாயந்திரம் வரை அரை அரை டிகிரியாக மெனக்கெட்டு, சரியாக எட்டில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.