சின்ன டிராக்டருக்கு எந்தக் கிராப்

1. வால் தூக்கிய காலை

டிராக்டரின் பின் சக்கரங்கள் தரையை விட்டுக் கிளம்பியதை நான் கண்ணால் பார்க்கவில்லை. முதுகுக்குத்தான் முதலில் தெரிந்தது. சீட்டு என்னை மெதுவாக முன்னால் சாய்த்தது. லீவரைத் தள்ளி லோடரை இறக்கினேன். வால் தொப்பென்று விழுந்தது. பல் நாக்கில் பட்டுவிட்டது. அன்று முழுக்கக் காரம் சாப்பிட முடியவில்லை.

இடம் கிள்ளான் பக்கம் ஜெஞ்சாரோம். எண்பதுகளின் கடைசி. கிழட்டுச் செம்பனைகளைச் சாய்த்துவிட்டுப் புதுக் கன்று போடுவார்கள். சாய்த்த மரம், மட்டை, வேர் எல்லாவற்றையும் அள்ளி ஓரம் கட்டும் வேலையை எங்கள் முதலாளி கண்ட்ராக்ட் எடுப்பார். நான் அவருடைய டிராக்டர் டிரைவர். அதற்கு முன்பு பிரிக்பீல்ட்ஸில் தங்கி லோரி ஓட்டினேன். தூரப் பயணம் அலுத்துப்போய் டிராக்டருக்கு வந்தேன். டிராக்டரிலும் அலுப்புதான். ஆனால் பொழுது சாய்ந்தால் வீட்டுக்குப் போகலாம்.

எங்கள் டிராக்டர் சின்னது. முன்னால் லோடர் கை, அதில் ஒரு பக்கெட். மண்ணுக்கும் கல்லுக்கும் பக்கெட் சரி. மட்டைக்கு அது உதவாது. ஒரு பக்கம் அள்ளினால் மறுபக்கம் வழியும். மேலே இருந்து அமுக்கிப் பிடிக்க இரும்பு விரல் வேண்டும். விரல் வைத்த சாமானைத்தான் நாங்கள் கிராப் என்போம். அது வருவதற்கு முன்பு மட்டையெல்லாம் ஆள் தோளில்தான் போனது.

கிள்ளானில் வொர்க்‌ஷாப் வைத்திருந்த ஒரு சீனத் தவுக்கே, எங்கள் முதலாளிக்கு ஒரு கிராப்பை ஓட்டிப் பார்க்கக் கொடுத்திருந்தார். ஏதோ பெரிய மெஷினில் இருந்து கழற்றியது. அடியில் மூடின பக்கெட், மேலே விரல் மாதிரி இரண்டு பிடி, ஒவ்வொன்றுக்கும் தனி சிலிண்டர், தகடு அவ்வளவு தடிப்பு. முதலாளி அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அந்தக் காலத்தில் எல்லாருக்கும் அதே எண்ணம்தான். தடித்த இரும்பு என்றால் நல்ல இரும்பு.

லோடர் தூக்கும் எடையில் கிராப்பின் எடையும் சேரும் என்று யாரும் யோசிக்கவில்லை. கிராப் கனமாக இருந்தால் அது தன்னைத் தூக்கிக்கொள்ளவே பாதி சக்தி போய்விடும். மீதியில்தான் மட்டை. மூடின அடி என்பதால் ஜெஞ்சாரோமின் கறுப்பு மண்ணும் மட்டையோடு சேர்ந்து ஏறும். மழை பெய்தால் அந்த மண் சாதாரண மண்ணா? களி மாதிரி ஒட்டும். அதனால்தான் அன்றைக்கு வால் தூக்கியது.

2. நிற்கிற வேலை

முதலாளி வந்து பார்த்தார். டிராக்டரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு சொன்னார்.

“பெருமாள் சும்மாத்தானே இருக்கான். பின்னால ஏத்தி நிக்க வை மணியம். சரியாயிடும் லா.”

இது அவருடைய கண்டுபிடிப்பு இல்லை. வால் லேசானால் ஆளை ஏற்று என்பது எங்கள் பக்கம் எல்லாத் தோட்டத்திலும் நடந்ததுதான். பின்னால் கலப்பை மாட்டும் இரண்டு கைகளின் மேல் குறுக்கே ஒரு பலகையைக் கட்டுவோம். அதன் மேல் கனமான ஆள் ஒருத்தன், என் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

பெருமாள் நல்ல ஆகிருதி. மட்டை சுமக்கிறவர்களில் அவன்தான் முதல் ஆள். ஒருநாள் ஈரக் கட்டை ஒன்றைத் தோளில் ஏற்றும்போது இடுப்பில் ஏதோ பிசகிவிட்டது. கிள்ளான் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்தான். குனிய முடியாது, சுமக்க முடியாது. நிற்க மட்டும் முடியும். புல் வெட்ட விட்டுப் பார்த்தார்கள், அதுவும் ஆகவில்லை. மாசக் கடைசியில் நிறுத்திவிடலாம் என்று முதலாளி என்னிடம் சொல்லியிருந்தார். பெருமாளுக்கும் அது தெரியும். அவன் மனைவி சுங்கை வேயில் ஒரு பேக்டரிக்குப் போய்வந்தாள். வீட்டில் அவளுடைய அம்மாவும் இருந்தாள். மாமியார் கண்ணெதிரே வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே அவனுக்கு முகம் கறுத்துவிடும்.

பலகை வேலை கிடைத்ததும் ஆள் மாறிவிட்டான். மறுநாள் சட்டையைப் பெட்டி போட்டு வந்தான். வெயிலுக்கு ஒரு தொப்பி. மற்றவர்கள் விடுவார்களா?

“என்னா பெருமாள், காலைல ரெண்டு ரொட்டி ஜாஸ்தி சாப்பிட்டியா? இன்னைக்கு லோடு பெருசு.”

“நான் சாப்பிட்டாத்தான்டா ஒங்க டிராக்டர் நிக்கும். போய் வேலையப் பாரு.”

அவன் நின்றால் வால் அடங்கிவிடும், அதை மறுக்க முடியாது. ஆனால் வண்டி ஓட்டுகிறவனுக்கு அது ஒரு பாரம். திரும்பும்போதெல்லாம் பின்னால் பார்க்க வேண்டும். பள்ளம் வந்தால் அவன் கால் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பொழுது சாய்ந்தால் கைகால் வலிப்பதற்கு முன்னால் எனக்குக் கழுத்துத்தான் வலிக்கும்.

3. பாரிட் ஓரம்

தோட்டத்துக்குள் தண்ணீர் வடிய வெட்டின வாய்க்காலை பாரிட் என்போம். அதன் ஓரத்து மண்ணை நம்பக் கூடாது. மேலே புல் இருக்கும், அடியில் சேறு. ஒருநாள் அந்த ஓரத்தில் வேரோடு ஒரு கட்டையைப் பிடித்துத் தூக்கினேன். முன் இடது சக்கரம் அப்படியே இறங்கியது. வால் மேலே போனது. இந்தத் தடவை பெருமாளோடு சேர்ந்து போனது.

திரும்பிப் பார்த்தபோது அவன் முகம் என் தலைக்கு மேலே இருந்தது. சீட்டைப் பிடித்திருந்த கை வழுக்கியது, பலகை நழுவியது. லோடரை இறக்காவிட்டால் டிராக்டர் பாரிட்டுக்குள் கவிழும். இறக்கினால் வால் அவன் மேல் விழும். யோசிக்க நேரம் இல்லை. கை தானாக இறக்கிவிட்டது.

அவன் பக்கவாட்டில் மட்டைக் குவியலில் விழுந்தான். பின் சக்கரம் அவன் கால் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இறங்கியது. செருப்பு அடியில் போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்ததோடு சரி.

நான் எஞ்சினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். பெருமாள் எழுந்தான், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய்ப் பலகையை எடுத்துவந்து பழையபடி கட்டினான். பிறகு என்னைப் பார்த்தான்.

“முதலாளிகிட்ட சொல்லாதீங்கண்ணே.”

சொல்லாமல் எப்படி? முன் ஆக்ஸில் வளைந்து கிடந்தது.

4. கிள்ளானில்

ஆக்ஸிலைச் சரி செய்த கையோடு முதலாளி எங்களைத் தன் வேனில் கிள்ளானுக்குக் கூட்டிப்போனார். கிராப் எது என்று அன்றைக்கு முடிவு செய்தாக வேண்டும். சாமானைப் பிடித்து நிறுத்த ஆள் வேண்டும் என்று சொல்லிப் பெருமாளும் ஏறிக்கொண்டான்.

தவுக்கேயிடம் இன்னொரு கிராப் இருந்தது. ஒடுங்கலானது. அடியில் தகடு இல்லை, வரிசையாகப் பல்தான். மண் இடுக்கில் உதிர்ந்துவிடும். மேலே ஒரே ஒரு பிடி. தவுக்கே அதை ஒரு பக்கமாகத் தனியே தூக்கி நிமிர்த்திக் காட்டினார். அதிலும் குறை உண்டு, மறைக்கக் கூடாது. ஒரே பிடி என்பதால் கோணலான கட்டையை இறுக்கிப் பிடிக்காது, சுழன்றுவிடும். ஒரு நடையில் கொஞ்சம்தான் வரும். பெரியது ஒரு நடையில் கொண்டுவருவதற்கு இதில் கூட ஒன்றோ இரண்டோ நடை போக வேண்டும். மழையில், சேற்றில், அந்த அலுப்பு முழுக்க டிரைவருக்குத்தான்.

முதலாளி தேத்தண்ணி வாங்கப் போன நேரத்தில் பெருமாள் என் பக்கத்தில் வந்து நின்றான்.

“பெருசையே எடுக்கச் சொல்லுங்கண்ணே. நான் கெட்டியா புடிச்சிக்கிறேன்.”

“விழுந்தா?”

“விழுந்தா விழறேன் லா. வேல இல்லாம வீட்ல கிடக்கறதுக்கு அது மேல்.”

முதலாளி திரும்பி வந்தார். எனக்கு ஒரு கிளாஸ், அவனுக்கு ஒரு கிளாஸ்.

“ஓட்டறவன் நீ மணியம். நீ சொல்றதுதான். எதை எடுக்கலாம்?”

பெரியதை எடுத்து, பின்னால் சிமெண்ட் ஊற்றின டிரம் மாட்டலாமா என்றும் நினைத்தேன். அப்படி மாட்டினாலும் பெருமாளுக்கு அங்கே இடம் இல்லை. கனமும் முன் ஆக்ஸில் மேல் அப்படியே நிற்கும், ஒரு மழைக்காலம் தாங்காது. எந்தப் பக்கம் யோசித்தாலும் அந்த டிராக்டர் பாதுகாப்பாக ஓடினால் அவனுக்கு வேலை இல்லை. அவனுக்கு வேலை இருந்தால் அது பாதுகாப்பாக ஓடாது. நடுவில் ஒரு வழி இருக்கிறதா என்று தேத்தண்ணி ஆறும்வரை பார்த்தேன்.

“சின்னதை எடுங்க முதலாளி,” என்றேன். “பெருமாளுக்கு வேற ஏதாவது பாருங்க. ஸ்டோருக்கு ஜாகாவா போடலாம்.”

ஸ்டோரில் காவலுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறான், பார்க்கலாம் என்றார் முதலாளி. அவர் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். பெருமாள் கிளாஸை முடிக்காமல் கீழே வைத்தான்.

திரும்பி வரும்போது முன் சீட்டில் இடம் இருந்தும் அவன் பின்னால் அந்தச் சின்னக் கிராப்போடு உட்கார்ந்துகொண்டான். ஜெஞ்சாரோமில் இறக்கும்போது, யாரும் கேட்காமல் ஒரு முனையைப் பிடித்துப் பார்த்தான்.

“இவ்ளோதானா வெயிட்டு,” என்றான்.

என்னிடம் அவன் கடைசியாகப் பேசியது அதுதான்.

பிறகு எத்தனையோ டிரைவர்கள் என்னிடம் வந்து கேட்டிருக்கிறார்கள். சின்ன டிராக்டருக்கு எந்தக் கிராப் அங்கிள் என்று. நான் சொல்வது இதுதான். தடிப்பைப் பார்க்காதே. கிராப்பின் எடையைக் கழித்துவிட்டு லோடர் எவ்வளவு தூக்கும் என்று கேள். ஈர மண் என்றால் அடி திறந்ததாக எடு. சிலிண்டருக்கு எண்ணெய் போகிற ஹோஸ் எதிலும் உரசாமல் போகிறதா பார். பின்னால் ஒரு ஆளும் நிற்காமல் வால் தரையில் இருக்கிறதா பார். இருந்தால்தான் அது உன் டிராக்டருக்கு உள்ளது. அந்த ஆள் நானே நிற்கிறேன் என்று கையைப் பிடித்துக் கேட்பான். அப்போதும் மாற்றாதே. அவன் உன்னைத் திட்டுவான், அதைக் கேட்டுக்கொள்.

கிராப்பை இறக்கின அன்று சாயங்காலம் பெருமாள் பஸ் நிற்கும் இடத்துக்குச் செம்மண் கொட்டின பாதையில் போனான். நான் டிராக்டர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்பைக் கொஞ்சம் சாய்த்து, மெதுவாக, இரண்டு காலையும் ஊன்றி நடந்து போனான். திரும்பிப் பார்க்கவில்லை.