லைனுக்கு அந்தப் பக்கம்

பதினோரு வருஷமாக அவள் ஒரு முடிவையும் பார்த்ததில்லை. ஆரம்பமெல்லாம் அவளிடம்தான் வந்தது. நடுவில் கொஞ்சம் வந்தது. முடிவு மட்டும் வேறு யாருக்கோ போய்விடும்.

அவசரத்துக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் முதலில் பேசுகிற குரல் அவளுடையது. ஜன்னல் இல்லாத ஒரு ஹால், ஆறு நாற்காலிகள், ஆளுக்கு இரண்டு திரை, வாயருகே கொசு மாதிரி ஒரு மைக். "எங்கே இருக்கீங்க? என்ன நடந்தது? மூச்சு இருக்கா?" இந்த மூன்று கேள்வியும் இந்த வரிசையில்தான். மூச்சில்லை என்று பதில் வந்தால் வண்டி போய்ச் சேரும்வரை லைனிலேயே இருப்பாள். அழுகிறவர்களை அதட்டி, ஓடுகிறவர்களை உட்காரவைத்து, "நெஞ்சு நடுவுல கையை வைங்க. நான் எண்ணுறேன், நீங்க அழுத்துங்க" என்று எண்ணிக்கொண்டே இருப்பாள். அப்புறம் கதவு திறக்கிற சத்தம், பூட்ஸ் சத்தம், "நாங்க பாத்துக்கறோம்" என்று ஒரு புதுக் குரல். டிக். அவ்வளவுதான். அடுத்த ஃபோன்.

"அக்கா, அந்த நாலாவது மாடிப் பெரியவர் என்ன ஆனார்?" என்று மேற்பார்வை பார்க்கும் அம்மாளிடம் கேட்பாள். ஹாலில் எல்லோருக்கும் அவர் ஷிஃப்ட் அக்கா.

"அது நம்ம வேலை இல்லம்மா."

"வேலைன்னு கேக்கல. தெரிஞ்சுக்கத்தான்."

"தெரிஞ்சா தூக்கம் போயிடும்."

தெரியாததால்தான் போகிறது என்று இவரிடம் எப்படிச் சொல்வது? அவள் ஒரு நோட்டுப் போட்டாள். பெயர், முகவரி எதுவும் எழுதக்கூடாது, எழுதவும் இல்லை. இடது பக்கத்தில் காதில் விழுந்தது மட்டும். 'குறட்டை மாதிரி. ஆனால் நிமிஷத்துக்கு நாலே நாலு.' 'மூணு வார்த்தைக்கு ஒரு நிறுத்தம்.' 'தண்ணிக்குள்ள குழாய் விட்டு ஊதுற மாதிரி.' அது என்ன, ஏன், அப்புறம் என்ன ஆச்சு என்பதற்கு வலது பக்கத்தை விட்டுவைத்தாள். மூன்று நோட்டு தீர்ந்தது. மூன்றிலும் வலது பக்கம் வெள்ளையாகவே கிடந்தது.

அந்த வெள்ளையைப் பார்க்கச் சகிக்காமல்தான், ஆம்புலன்ஸில் போய்ச் சிகிச்சை கொடுப்பவர்களுக்கான படிப்புக்கு முப்பத்துநாலு வயதில் விண்ணப்பம் போட்டாள். இடமும் கிடைத்துவிட்டது.

பெட்டி கட்ட உதவ வந்த தங்கை, உதவியதைவிடப் பேசியது அதிகம். "ரெண்டு வெள்ளைக் கோட்டு, ஒரு பூட்டு, ஒரு வாளி. எல்லாம் சரி. உன் பக்கத்துல உக்காரப்போற பொண்ணு பொறந்த அன்னைக்கு நீ அல்ஜிப்ரா போட்டுக்கிட்டு இருந்திருப்ப, தெரியுமா?"

"அந்தக் கணக்கே இன்னும் முடியல. அதான் போறேன்."

"அக்கா, நிஜமாக் கேக்கறேன். எல்லாம் தெரிஞ்ச வேலையை விட்டுட்டு எதுக்கு?"

"எல்லாம் கேட்ட வேலை. தெரிஞ்ச வேலைன்னு யார் சொன்னா?"

தங்கை அந்த மூன்று பழைய நோட்டையும் துணிக்கடியில் வைத்தாள். இவள் எடுத்து மேலே வைத்தாள்.

ஷிஃப்ட் அக்கா வழியனுப்பும்போது ஒன்று சொல்லியிருந்தார். "ஆறு வாரம் உன் நாற்காலியில யாரையும் உக்கார வைக்க மாட்டேன். அதுக்கு மேல என்னால மேலிடத்துக்குப் பதில் சொல்ல முடியாது." இது அன்பா, பொறியா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஏனென்றால் கல்லூரிக் கடிதத்திலும் ஒரு கெடு இருந்தது. ஐந்தாவது வாரம் ஒரு செய்முறைத் தேர்வு. மனித உருவப் பொம்மைக்கு, யார் துணையும் இல்லாமல், இரண்டு நிமிஷம் நெஞ்சை அழுத்திக் காட்ட வேண்டும். தேறாதவர் வண்டியில் ஏற முடியாது. வண்டி ஏறாதவருக்குப் படிப்பு அத்தோடு சரி. கடிதத்தைப் படித்துவிட்டு அவள் சிரித்தாள். பதினோரு வருஷமாக ஊருக்கே சொல்லிக் கொடுத்ததைத் தானே செய்யப்போகிறாள், இதற்கென்ன பயம்?

முதல் நாள் வாசலிலேயே காவலர் வழி மறித்தார். "மேடம், ஸ்டாஃப் கேட் அந்தப் பக்கம்." அடையாள அட்டையைக் காட்டினாள். அவர் அட்டையையும் முகத்தையும் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "நல்லா படிங்க" என்றார். வகுப்பில் நுழைந்ததும் நாற்பது பேரும் எழுந்து நின்றார்கள். அவள் நேரே போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்த பிறகு, எப்படி உட்காருவது என்று தெரியாமல் நாற்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் பெயர் விழுந்துவிட்டது: ஆபரேட்டர் அக்கா.

படிப்பைவிடச் சின்னச் சின்னப் பழக்கங்கள்தான் படுத்தின. பழைய ஹாலில் பாத்ரூம் போவதென்றாலும் நாற்காலி காலியாக இருக்கக்கூடாது. வகுப்பின் நடுவே எழுந்தபோது பக்கத்துப் பெண்ணிடம், "கொஞ்சம் இங்க உக்காந்துக்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளும் மறுபேச்சு பேசாமல் மாறி உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்தபோது, "யாரும் ஃபோன் பண்ணல அக்கா" என்றாள்.

அந்தப் பெண்தான் விடுதியிலும் அறைத் தோழி. பதினெட்டு வயது, உயரம் கதவைத் தொடும், அகலம் கதவிடுக்கில் போகும். வீட்டில் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுவார்களாம். இங்கே சுருங்கி ஒட்டடை ஆகியிருந்தது. முதல் வாரம் ஒருநாள் அவள் கட்டிலில் சுருண்டு, "அக்கா, என்னமோ பண்ணுது" என்றாள்.

"எங்கே இருக்கீங்க?"

"உங்க எதிர்ல."

"எந்த மாடி?"

"அக்கா."

வீட்டு நினைப்புத்தான். அதோடு மத்தியானம் சாப்பிடவும் இல்லை. பிஸ்கட்டில் சரியாயிற்று. ஆனால் எதிரே இருக்கிறவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கேள்வி கேட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

இரண்டாவது வாரம் பயிற்சி மேடத்தின் வகுப்பு. இருபது வருஷம் வண்டியில் போனவர். முழங்கால் தேய்ந்த பிறகு பாடம் நடத்த வந்தவர். ஸ்பீக்கரில் மூச்சுச் சத்தங்களைப் போட்டுக் காட்டினார். மூன்றாவது சத்தம் வந்ததும் ஆபரேட்டர் அக்காவின் கை தானாக உயர்ந்தது.

"இது நிமிஷத்துக்கு நாலு வரும், மேடம்."

"சரி. இது என்ன?"

"என்னன்னு தெரியாது. குறட்டை விடறார், தூங்கறார்னு வீட்ல சொல்வாங்க. நாங்க உடனே அழுத்தச் சொல்லிடுவோம்."

"மூச்சு மாதிரி இருக்கும். மூச்சு இல்லை. இதயம் நின்ன பிறகும் மூளையோட அடித்தண்டு கொஞ்ச நேரம் விடாம உத்தரவு போடும். அதைத்தான் கேட்டிருக்கீங்க."

அன்று அவள் பழைய நோட்டை விரித்து, வலது பக்கத்தில் முதல் தடவையாக எழுதினாள். அடுத்த பத்து நாளில் இருபது பக்கம் நிரம்பியது. நூலகம் மூடும்வரை உட்கார்ந்தாள். கேன்டீன் வரிசையில் நின்றுகொண்டே நுரையீரல் படத்தை விரலால் காற்றில் வரைந்தாள். தண்ணிக்குள் குழாய் விட்டு ஊதினது நுரையீரலில் கோத்த நீர். மூணு வார்த்தைக்கு ஒரு நிறுத்தம் மூச்சுக்குழல் சுருங்கினது. ஊரில் பார்த்த முகத்துக்குப் பெயர் தெரிந்தமாதிரி ஒவ்வொன்றும் வந்து கைகொடுத்தது.

நான்காவது வாரம் பொம்மை வந்தது. இடுப்புக்கு மேல் மட்டும் உள்ள ரப்பர் ஆள். தோளில் ஒரு விளக்கு: சரியான ஆழத்துக்கு அழுத்தினால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. பிள்ளைகள் அதற்கு மாமா என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒவ்வொருவராகத் தவறு செய்ய, "மாமா மறுபடி போயிட்டார்" என்று பின்வரிசையில் துக்கம் விசாரித்தார்கள்.

அவள் முறை வந்தது. "ஆரம்பிங்க" என்றார் மேடம்.

அவள் நிமிர்ந்து நின்றபடியே, "அவரைச் சமதரையில மல்லாக்கப் படுக்க வைங்க. பக்கத்துல மண்டி போடுங்க" என்றாள். ஒட்டடை சட்டென்று மண்டி போட்டாள். "உள்ளங்கையை நெஞ்சு நடுவுல வைங்க. முழங்கை மடங்கக்கூடாது. ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு." ஒட்டடை அழுத்தினாள். பச்சை, பச்சை, பச்சை. வகுப்பே கை தட்டியது.

"ரொம்ப நல்லா இருந்தது" என்றார் மேடம். "ஒட்டடை பாஸ். இப்ப உங்க கையைக் காட்டுங்க."

அவள் மண்டி போட்டாள். கையை வைத்தாள். அழுத்தினாள். உள்ளங்கைக்கடியில் நெஞ்சு உள்ளே போனது. ரப்பர்தான், ஆனாலும் ஒரு நெஞ்சு அப்படி அமுங்குவதை அவள் கை அதற்கு முன் அறிந்ததில்லை. கை தானாகப் பின்வாங்கியது. சிவப்பு. மறுபடியும் சிவப்பு. 'இன்னும் ஆழமா. எலும்பு உடைஞ்சாலும் பரவாயில்ல, இன்னும் ஆழமா' என்று எத்தனை பேரை அதட்டியிருப்பாள். மனைவியை, மகனை, வாடகைக்கு வந்து இரண்டே நாளான பக்கத்து வீட்டுக்காரரை. இதையா செய்யச் சொன்னேன்? இவ்வளவு பெரிய வேலையையா?

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இவளுக்கு வாய்க்கு எட்டியது கைக்கு எட்டவில்லை.

தேர்வுக்கு ஐந்து நாள் இருந்தது. தினமும் மாலையில் அறைத் தரையில் தலையணையைப் போட்டு, அதன்மேல் புத்தகப் பையை வைத்து அழுத்தினாள். ஒட்டடை கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சீப்பை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு ஆபரேட்டர் ஆனாள்.

"வணக்கம், சொல்லுங்க. என்ன பிரச்சினை?"

"முதல்ல எங்கே இருக்கீங்கன்னு கேக்கணும்."

"அக்கா, பக்கத்துல ஒரு ஆள் சாகக் கிடக்கறார். எனக்குப் பாடம் எடுக்காதீங்க."

"வரிசை தப்பினா வண்டி எங்க வரும்?"

"சரி, எங்கே இருக்கீங்க?"

"தரையில."

"பயமா இருக்கா?"

அந்தக் கேள்வி பட்டியலில் இல்லாதது. அவள் பையை இன்னும் வேகமாக அழுத்தினாள். தலையணை ஓரத்தில் பிரிந்து பஞ்சு வெளியே வந்தது. தலையணைக்கு விளக்கும் கிடையாது. ஆழம் சரியா தப்பா என்று யார் சொல்வது?

நான்காம் நாள் ஷிஃப்ட் அக்கா பேசினார். "உன் நாற்காலி அப்படியேதான் இருக்கு. துடைச்சு வச்சிருக்கேன்."

"சனிக்கிழமை சொல்றேன்க்கா" என்றாள். அந்த நாற்காலியின் தேய்ந்த கைப்பிடி, எண்ணும்போது விரல் தட்டித் தட்டிப் பள்ளமான இடம், எல்லாம் ஞாபகம் வந்தது. அங்கே அவளைவிடக் கெட்டிக்காரி இல்லை.

தேர்வு அறையில் மேடம், மாமா, சுவர்க் கடிகாரம். வேறு யாரும் இல்லை.

"ரெண்டு நிமிஷம். ஆரம்பிங்க."

முதல் அழுத்தம் சிவப்பு. இரண்டாவது சிவப்பு. மேடத்தின் பேனா காகிதத்தில் ஏதோ எழுதியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடியதும் பழைய ஹால் இருட்டு மாதிரி ஒன்று வந்தது. அதிலிருந்து அவளுடைய குரலே, ஃபோன் குரல், நிதானமாகப் பேசியது.

"கேக்குதா? நான் லைன்லதான் இருக்கேன்."

"கேக்குது" என்றாள். இது வீட்டுக் குரல். தங்கையிடம் பேசுகிற குரல்.

"இன்னும் ஆழமா அழுத்துங்க."

"பயமா இருக்கு. உள்ள போகுது."

"தெரியும். போகத்தான் வேணும். எண்ணுங்க, நானும் எண்ணுறேன். ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு."

'தெரியும்' என்ற அந்த வார்த்தையைப் பதினோரு வருஷத்தில் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். தெரிந்து சொன்னது இதுதான் முதல் தடவை. இரண்டு குரலும் சேர்ந்து எண்ணின. தோளில் வியர்வை இறங்கியது, மூச்சு வாங்கியது, மணிக்கட்டு எரிந்தது. நிறுத்து என்று கை சொன்னபோதெல்லாம் 'நிறுத்தாதீங்க' என்று வாய் சொன்னது. "போதும்" என்று மேடம் சொன்னது மூன்றாவது தடவைதான் காதில் விழுந்தது. கண்ணைத் திறந்தாள். பச்சை எரிந்துகொண்டிருந்தது.

மேடம் காகிதத்தைப் பார்த்தபடியே கேட்டார். "யார்கிட்ட பேசினீங்க?"

"தெரியல, மேடம். ஆனா சொன்னபடி செஞ்சாங்க."

"பேசினதுக்கு மார்க் கிடையாது." மார்க் போடும் தாளைப் புரட்டினார். "குறைக்கச் சொல்லியும் எங்கேயும் போடல. முதல் ரெண்டும் போச்சு, மிச்சம் நல்லா இருந்தது. பாஸ். வண்டியில கண்ணைத் திறந்துகிட்டு செய்யணும், அதைப் பழகிக்குங்க."

வெளியே வந்து முதலில் ஷிஃப்ட் அக்காவைக் கூப்பிட்டாள். "நாற்காலியைக் குடுத்துடுங்கக்கா."

"அப்படியா" என்றார். பிறகு, "எங்கேயாவது அந்த நாலாவது மாடிப் பெரியவர் மாதிரி யாரையாவது பாத்தா, என்ன ஆச்சுன்னு எனக்கும் சொல்லு" என்றார்.

மறுநாள் காலை அவளால் தலை வார முடியவில்லை. ஐந்து நாள் தலையணையோடு மல்லுக்கு நின்றதும், நேற்றைய இரண்டு நிமிஷமும் சேர்ந்து, கை தோளுக்கு மேல் வர மறுத்தது. ஒட்டடை பின்னால் வந்து நின்று, நேற்றுவரை மைக்காக இருந்த சீப்பை வாங்கிக்கொண்டாள். "அசையாதீங்க. எங்கே இருக்கீங்கன்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருங்க."

அவள் சிரிக்கவில்லை. மடியில் பழைய நோட்டு இருந்தது. இரண்டாவது நோட்டு, நடுவில் ஒரு பக்கம். இடது புறம் எழுதியிருந்தது: 'பதினோரு நிமிஷம். ஒரு பெண். கை நடுங்குது என்றாள். நிறுத்தாதீங்க என்றேன். பிறகு டிக்.' அந்தப் பக்கத்தை எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும், கீழே கிடந்தவர் பிழைத்தாரா என்றுதான் கேட்டிருக்கிறாள். அழுத்தினவளைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"அக்கா, வகிடு கோணலாப் போகுது, தலையைக் குனியாதீங்க."

"ஒரு நிமிஷம்."

முழங்கையை மடியில் ஊன்றிக்கொண்டு, நடுங்குகிற எழுத்தில், வலது பக்கத்தில் எழுதினாள்: 'மறுநாள் அவளால் தலை வாரியிருக்க முடியாது. யார் வாரிவிட்டார்கள்?'