கால்வாசிதான் போச்சு

என் அக்கா புருஷனுக்கு ஊர் வைத்த பேர் ‘குறையில்லாதவர்’. மரியாதைக்கு வைத்ததல்ல. ஏணியிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டபோதுகூட, கொஞ்சம் அவசரமாக இறங்கிவிட்டேன் என்று டாக்டரிடம் சொன்ன மனுஷன். இருபத்திரண்டு வருஷமாக மாமா, மாமா என்று கூப்பிடுகிறேன். ஒரு நாளும் மனசாரக் கூப்பிட்டதில்லை.

போன மழையில் ஆறு உடைத்துக்கொண்டு, அவருடைய மக்காச்சோளத்தில் பதினோரு நாள் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் தட்டைதான் நிற்கிறது, கதிரெல்லாம் கறுத்துப் பூசணம் பிடித்துவிட்டது. அடுத்த போகத்துக்கு விதை வாங்க வீட்டில் வழியில்லை. அரசாங்க நிவாரணம் வந்தால்தான் உண்டு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதம் என்றால் தருவார்கள், அதற்குக் குறைந்தால் கையை விரித்துவிடுவார்கள்.

கணக்கெடுக்க வந்த அதிகாரி வரப்பில் கால் வைக்கவில்லை. ஷூ சேறாகிவிடுமாம். ரோட்டில் நின்றபடியே ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். பக்கத்து வயல்காரருக்குப் பாதிகூடப் போகவில்லை. அவர், “எல்லாம் போச்சு சார்” என்று துண்டால் கண்ணைத் துடைத்தார். அந்த வயல்காரர் பக்கத்தில் நிற்கும்போது நம்ம மாமா வாயில் அது வருமா?

“என்ன, ஒரு கால்வாசி போயிருக்கும் சார். மிச்சத்த எடுத்துடுவேன்.”

அதிகாரி வயலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இருபத்தைந்து சதவீதம் என்று எழுதி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

விஷயம் தெரிந்து அக்கா ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். “உங்க வீட்டுக்காரரே சொல்லி எழுதினதும்மா” என்று கிளார்க் ஃபைலை மூடுவான். இவள் நகரமாட்டாள். ஆறாவது தடவை பெரிய அதிகாரியின் காரை மறித்து நின்று, வியாழக்கிழமை மறுபடி வந்து பார்ப்பதாக அவர் வாயால் சொல்ல வைத்தாள்.

“நீங்க ஒண்ணும் பேச வேணாம். அவங்க வயலப் பாத்தா போதும்,” என்று புருஷனிடம் படித்துப் படித்துச் சொன்னாள்.

வியாழக்கிழமை காலையில் நானும் அக்காவும் என் வண்டியில்தான் வயலுக்குப் போனோம். ஒரு தட்டை இல்லை. விடிந்ததும் மாமா டிராக்டர் பிடித்து மொத்தத்தையும் மடக்கி உழுதிருந்தார்.

“ரோட்டுல போறவன் வர்றவனெல்லாம் நின்னு பாக்குறான். அசிங்கமா இருந்துச்சு,” என்றார். வந்த அதிகாரி, “சேதம் எங்கம்மா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் காரில் ஏறினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ரெண்டு பேரையுமே அறைந்திருப்பேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கத்தவில்லை.

“உங்க மானம் பத்திரமா இருக்கு. போங்க, அதையே விதைங்க,” என்றாள்.

இந்தப் போகம் நிலம் தரிசு. யாராவது கேட்டால், மண்ணுக்கு ஓய்வு கொடுத்திருக்கிறாராம். பக்கத்து வயல்காரருக்கு நிவாரணம் முழுசாக வந்தது, விதைத்தும் விட்டார். அக்கா அங்கேதான் களையெடுக்கக் கூலிக்குப் போகிறாள். போன வாரம் நான் அதைக் கேட்டபோது, குறையில்லாதவர் ஈசி சேரில் சாய்ந்தபடி சொன்னார்:

“அவளுக்கு வீட்டுல பொழுது போகலயாம் மாப்ள. அதான் போயிட்டு வரட்டும்னு விட்டுட்டேன்.”