இழுவை அக்காவின் நாற்பது நிமிடம்

அக்கா பேனாவைக் கீழே தவற விட்டு, குனிந்து தேடுகிறார். ஆற அமரத் தேடுகிறார். கிடைத்ததும் நிமிர்ந்து, "மன்னிச்சுக்குங்க சார், இது எழுதல" என்று இன்னொன்றை எடுக்கிறார். பழைய ரசீதின் முதுகில் கிறுக்கிப் பார்த்து அதையும் ஓரமாக வைத்துவிடுகிறார். மேசைக்கு இந்தப் பக்கம் பெட்டியோடு நிற்கிற விருந்தாளிக்கு மூக்கு விடைக்கிறது.

கடற்கரைச் சாலையில் உள்ள அந்த விடுதியின் வரவேற்பு மேசையில் பதினோரு வருடமாக இருக்கிறார். வயது ஐம்பதைத் தொடப் போகிறது. மூக்குக் கண்ணாடியின் ஒரு காம்பைப் பசை நாடாதான் தாங்குகிறது. கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் இழுவை அக்கா. "அக்காகிட்ட சாவி வாங்கறதுக்குள்ள வந்தவங்க லீவே முடிஞ்சிடும்" என்று அறை துடைக்கிற பெண்கள் சிரிப்பார்கள். விடுதியைப் பற்றி இணையத்தில் எழுதுகிறவர்கள் கடலைப் புகழ்ந்துவிட்டு இவரைத் திட்டுகிறார்கள். அதெல்லாம் எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி.

நகல் எடுக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. மூன்று மாதத்தில் நான்கு முறை இங்கே கூப்பிட்டார்கள். நான்கு முறையும் இயந்திரம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. நான்காவது முறை எனக்குக் கோபம் வந்து, "என்னை வச்சு விளையாடறீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டேன். மேனேஜர் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "மிஷின்ல ஒண்ணுமில்ல தம்பி. நாந்தான் பிளக்கைப் பிடுங்கி விட்டேன்" என்றார். பிறகு உட்காரவைத்துக் காரணத்தைச் சொன்னார்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பிற்பகல். வெளிநாட்டுப் பயணி ஒருவர் எட்டு வயதுச் சிறுமியோடு வந்து அறை கேட்டார். பெட்டி ஒன்றுதான், அதுவும் அவருடையது. "இவர் உனக்கு என்ன முறை வேணும் கண்ணு?" என்று அக்கா பிள்ளையைக் கேட்டார். அது முதலில் அந்த ஆளின் முகத்தைப் பார்த்தது. பிறகு "அங்கிள்" என்றது. சித்தப்பாவா, மாமாவா என்றால் சொல்லத் தெரியவில்லை. அக்கா பதிவேட்டை மூடி, அறை கிடையாது என்று சொல்லிவிட்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்ததாம். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தால், இருவரும் சாலையைக் கடந்து எதிர் விடுதிக்குள் போய்க்கொண்டிருந்தார்கள்.

"பிலாத்து மாதிரி கையைக் கழுவிக்கிட்டேன் தம்பி. பாவம் நம்ம வீட்டுக்குள்ள வரலைன்னு கதவைச் சாத்தினேன். பிள்ளை அவன்கூடத்தானே வெளிய நின்னுச்சு?"

யாரிடம் சொல்வது என்று விசாரித்து, குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணுக்கு அழைத்தபோது மறுநாள் ஆகிவிட்டது. அதற்குள் எதிர் விடுதியையும் காலி செய்துவிட்டார்கள். அந்தப் பிள்ளையின் பெயரைக்கூட அவர் கேட்டு வைத்திருக்கவில்லை. ஜெபத்தில் 'அந்தப் பிள்ளை' என்றுதான் இன்றுவரை சொல்கிறாராம்.

அதற்குப் பிறகுதான் மெதுவானார். சந்தேகம் வந்தால் இப்போது மறுப்பதில்லை. வாயெல்லாம் பல்லாக வரவேற்றுவிட்டு, பின்னறைக்குப் போய் உதவி எண்ணுக்குச் சொல்வார். அவர்கள் வந்து சேர நாற்பது நிமிடம் ஆகும். அதுவரை பேனா எழுதாது, இயந்திரம் ஓடாது, கணினி படுத்துக்கொள்ளும். பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்லி நடுவில் தப்பு விடுவார். ஒருமுறை, தத்தெடுத்த மகளோடு வந்த நிஜமான அப்பாவையே அரைமணி நேரம் காக்க வைத்துவிட்டு, காகிதங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். "வெளிநாட்டுக்காரன், உள்ளூர்க்காரன்னு நான் பார்க்கறதில்ல. வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி பிள்ளை பயந்து யார் மூஞ்சியைப் பார்க்குதுன்னுதான் பார்ப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை சபையிலும் இவர் தலைவலிதான். வெளியிலிருந்து வருகிற விருந்தினர்களை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளோடு தனியாக விடக் கூடாது என்றார். "ஊழியத்துக்கு வர்றவங்களைச் சந்தேகப்படலாமா சிஸ்டர்? ஜெபிப்போம்" என்றார் போதகர். "ஜெபிக்கலாம் பாஸ்டர். அந்த உதவி நம்பரை போர்டுல ஒட்டிட்டு ஜெபிப்போம். ஆண்டவர் பிள்ளைங்களைத் தன்கிட்ட விடச் சொன்னார். வர்றவன் போறவன்கிட்டல்லாம் விடச் சொல்லலையே?" எண்ணை ஒட்டினார்கள். அடுத்த வாரமே அதன் மேல் பாடகர் குழுவின் பயிற்சி நேரம் வந்து உட்கார்ந்துவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை பகல் மூன்று மணிக்கு, உண்மையாகவே பழுதான இயந்திரத்தைச் சரிசெய்து முடித்திருந்தேன். சிரித்த முகத்தோடு ஒரு பயணி உள்ளே வந்தார். கூடவே ஏழு வயது இருக்கும் ஒரு சிறுமி, காலில் புத்தம் புதிய ஷூ. அக்கா முறை கேட்டார். பிள்ளை அந்த ஆளின் முகத்தைப் பார்த்தது.

அக்கா பின்னறைக்குப் போய் வந்தார். பேனா விழுந்தது. கணினி படுத்தது. மேனேஜர் இறங்கி வந்தார். அக்கா ஏன் இழுக்கிறார் என்பது இதற்குள் அவருக்கும் தெரியும். ரூம் கொடுப்பதுதான் நம் வேலை என்பது அவர் கட்சி. "இன்னொரு புகார் வந்தா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்னு சொன்னேன்ல?" என்று பல்லைக் கடித்தார். நான் இயந்திரத்தைத் திறந்து, நன்றாக இருந்த உருளையைக் கழற்றித் தரையில் வைத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

இருபத்தெட்டாவது நிமிடத்தில் அந்த ஆள் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார். வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று, பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து நடந்தார். கதவுக்கு நேரே எதிர் விடுதியின் பலகை தெரிந்தது. உதவிக்கு வர வேண்டியவர்களின் வண்டியைச் சாலையில் இன்னும் காணவில்லை.

அக்கா மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். கதவை மறித்து, பிள்ளையின் முன்னால் முழங்காலிட்டார். "லேஸ் அவுந்திருக்கு பாரு கண்ணு, தடுக்கி விழுந்துடுவ" என்றார். லேஸ் இறுக்கமாகத்தான் கட்டியிருந்தது. அவர் அதை அவிழ்த்து, முழுக்க உருவி, மறுபடி ஒவ்வொரு துளையாகக் கோக்க ஆரம்பித்தார். மேனேஜர் கத்தினார். அந்த ஆள் பிள்ளையின் கையை இழுத்தார், கால் அக்காவின் பிடியில் இருந்தது. கடைசித் துளையும் முடிந்தது. முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு, அக்கா அடுத்த காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.