பின்னால் மேடு உள்ள கரை

என் மனைவி கருவாடு காயவைக்கும் கரை மிகச் சிறியது. எங்கள் தீவில், பாம்பூஃப்ளாட் ஊரிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கிறது. அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லோரும் தெலுங்குப் பெண்கள். இவள் ஒருத்திதான் தமிழ். எங்கள் தமிழ்ப் பெண்களுக்கு வேறொரு கரை உண்டு. அகலமான கரை, நல்ல வெயில், ரோடும் பக்கம். அதை விட்டுவிட்டு இவள் ஏன் அங்கே போகிறாள் என்று அவர்களுக்குத் தீராத கோபம்.

"சிலோன்காரிக்கு நம்ம மீன் நாறுது போல" என்பார்கள். இவள் காதிலும் விழும். பதில் சொல்லமாட்டாள்.

இவளுடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர்கள். இவள் கச்சாலில் பிறந்தாள். சுனாமியில் இவளுடைய அம்மா போய்விட்டார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நானும் கேட்கவில்லை. ஃபெர்ரியில் கயிறு கட்டுகிற வேலை எனக்கு. அதிலும் யாரோடும் அதிகம் பேசவேண்டியதில்லை.

டிசம்பரில் சுனாமி வந்த நாளன்று எங்கள் தமிழ் ஆட்கள் கடற்கரையில் விளக்கு ஏற்றி, போனவர்களை நினைப்பார்கள். கல்யாணமான வருடம் இவளையும் கூட்டிப்போனேன். படகு போனதையும் அண்ணன் தம்பி போனதையும் ஒவ்வொருவராகச் சொல்லி அழுதார்கள். இவள் முறை வந்தபோது ஒரு அம்மா, "நீங்க ரப்பர் பால் வெட்டுற ஆளுங்கதானே, ஒங்களுக்கும் கடலுக்கும் என்னம்மா?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் இவள் அதற்குப் பிறகு போகவில்லை. அந்த நாளில் வீட்டுப் பாத்திரங்களை எல்லாம் இறக்கித் தேய்த்துக்கொண்டே இருப்பாள்.

கூட்டம் என்பது மனுஷருக்குத் துணைதான். ஆனால் எந்தத் துக்கத்தை வெளியே சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதையும் கூட்டமே முடிவு செய்துவிடுகிறது. பெண்களுக்கு அந்தப் பாரம் கொஞ்சம் கூடுதல் என்று நினைக்கிறேன். நாங்கள் படகுத்துறையில் யாரோடும் டீ குடிக்கலாம். அவர்கள் யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் அது பேச்சாகிவிடும்.

போன வருடம் கடலோரத்துக்குத் திட்டம் போட அதிகாரிகள் வந்தார்கள். ஆமை முட்டையிடும் இடம், சேற்றில் கண்டல் செடி நடும் இடம், படகு நிறுத்தும் இடம், மீன் காயவைக்கும் இடம் எல்லாவற்றையும் வரைபடத்தில் குறிப்பார்களாம். ஆண்கள் இருந்தால் பெண்கள் பேசமாட்டார்கள் என்று எங்களை மண்டபத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். உள்ளே தமிழ், தெலுங்கு என்று ஒவ்வொரு சமாஜத்துக்கும் ஒரு பாய். ஒரு பாய்க்கு ஒரு கரை. எந்தப் பாயில் உட்காருகிறாளோ அந்தக் கரைக்குத்தான் ஒருத்திக்கு அனுமதி. நான் ஜன்னல் ஓரம் நின்றேன்.

இவள் நேராகத் தெலுங்குப் பாயில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, தமிழ்காரங்க அந்தப் பக்கம்" என்றார் அதிகாரியம்மா, அன்பாகத்தான்.

தமிழ்ப் பாயில் சிரிப்பு. அங்கே ஒரு அக்கா, வாய்க்குப் பயந்து எல்லோரும் ஒதுங்குகிற அக்கா, "வாங்க மகாராணி, எடம் தொடச்சு வச்சிருக்கோம்" என்றார்.

ஒரு தெலுங்குப் பாட்டி இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "யே ஹமாரே சாத் ஹை" என்றார். இவள் எங்களோடு இருப்பவள் என்று. அதிகாரியம்மா முடியாது என்று தலையசைத்தார். ஒருத்திக்கு மாற்றினால் எல்லோரும் கேட்பார்கள். இரண்டு பாயும் சம்மதித்தால்தான் முடியும் என்றார்.

அப்போது இவள் எழுந்து நின்றாள். எல்லோருக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, இந்தியில் பேசினாள். தன்னுடைய கரைக்குப் பின்னால் மேடு இருக்கிறது, ஏறுவதற்குத் தடம் இருக்கிறது என்றாள். பெரிய கரைக்குப் பின்னால் ஓடையும் சேறும்தான். சுனாமியன்று கச்சாலில் இவளுடைய அம்மா இவளை ஒரு மரத்தில் ஏற்றிவிட்டுப் பின்பக்கமாக ஓடினார். அங்கேயும் தண்ணீர் நின்றது. "பின்னால் மேடு இல்லாத இடத்தில் என்னால் குனிந்து வேலை செய்ய முடியாது" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை.

மரத்தைப் பற்றி நான் கேள்விப்படுவது அதுதான் முதல் தடவை.

பிறகு அந்த அக்கா எழுந்து தெலுங்குப் பாய்க்கு வந்தார்.

"ஏண்டி, இத்தன வருசமா வாயத் தொறக்கலயே. நான் கொழுப்புன்னுல்ல நெனச்சேன்."

"கொழுப்பும் உண்டுக்கா."

யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அதிகாரியம்மாவைப் பார்த்து, "எங்களுக்குச் சம்மதம், எழுதிக்கங்க" என்றார். இவள் பக்கம் திரும்பி, "கருவாடு அங்க காயப்போடு. நல்லது கெட்டதுன்னா நம்ம பக்கந்தான் வரணும், ஆமா" என்றார். திரும்பிப் போய் உட்கார்ந்தவர் தங்கள் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். "ஆபீசரம்மா, அப்ப நாங்க எந்தப் பக்கம் ஓடுறது?" என்று கேட்டார்.

ஓடைக்குக் குறுக்கே ஒரு மரப்பாலம் வேண்டும் என்று தமிழ்ப் பாயிலிருந்து கேட்டிருக்கிறார்கள். இன்னும் வரவில்லை. இவளுக்கு அனுமதி வந்துவிட்டது.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது இவள் எனக்கு முன்னால் போனாள். வழியில் நின்று கேட்டாள்.

"வெளிய கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"சரி. மறுபடி சொல்லச் சொல்லாதீங்க."

நான் சொல்லச் சொல்லவில்லை. மிச்ச தூரம் சேர்ந்து நடந்தோம்.