நான் சாப்பிடாத ஃபராட்டா

என் வயிற்றைப் பற்றிப் பேசாத ஆள் எங்கள் சுயாக் ஊரில் கிடையாது. எங்கள் தீவுக்குச் சுதந்திரம் வேண்டுமா வேண்டாமா என்று வீட்டுக்கு வீடு அடித்துக்கொண்டிருந்த வருஷம் அது. எங்கள் வீட்டில் அந்தச் சண்டை நடக்கவில்லை. என் வயிறு வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைதான் நடந்தது. அதில் எனக்கு மட்டும் ஓட்டு இல்லை.

அக்காவின் புருஷனுக்குச் சொந்தமாக ஒரு பஸ் இருந்தது. சுயாக்கிலிருந்து ரிவியேர் தே ஸாங்கீய் சந்தைக்கு ஓடும். பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் பாதியில் விட்டுவிட்ட பிறகு அந்த பஸ்ஸில் நான் கண்டக்டர். ஆள் ஏறும்போதே அவரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுவேன். முந்திக்கொள்ளாவிட்டால் அவர் என் வயிற்றைப் பற்றிச் சொல்லிவிடுவார். ஒரு நாள் சந்தைக்காரம்மா ஒருத்தி கோழியோடு ஏறினாள்.

"அக்கா, கோழிக்கும் டிக்கெட் எடுக்கணும். ஜன்னல் சீட்ல உக்காந்திருக்கு."

"எடுக்கறேன் தம்பி. நீ மொதல்ல உன் வயித்துக்கு ஒண்ணு எடு."

பஸ் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? (நாங்கள் பேசுவதெல்லாம் பிரெஞ்சு கலந்த கிரியோல்தான், அம்மாவிடம் மட்டும் பாதி தமிழ். இங்கே எல்லாரையும் தமிழில் பேச வைத்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளட்டும்.)

மூச்சு வாங்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸின் கூரைமேல் காய்கறி மூட்டைகளை ஏற்றிவிட்டு இறங்கினால் கண் இருட்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அத்தான் ஒரு நாள் கூப்பிட்டார்.

"மச்சான், மேட்டுப் பக்கம் ஆஸ்பத்திரிக்கு சீமையில படிச்ச டாக்டர் ஒருத்தர் வந்திருக்காரு. கொழுப்பைக் குறைக்க ஆபரேஷன் பண்ணுவாராம். நீ செஞ்சுக்கோ. இல்லேன்னா நான் வேற ஆளைப் பாக்கணும். நடுவுல நீ நின்னா ரெண்டு பேர் நிக்கற எடம் போகுது."

"அத்தான், உங்க வாய்க்கும் ஆபரேஷன் உண்டான்னு கேட்டீங்களா?"

கேலி செய்தேனே தவிர, உள்ளுக்குள் ஆசையும் இருந்தது. கடையில் தொங்கும் கால்சட்டையை அப்படியே வாங்கிப் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை.

டாக்டருக்கு என் எடை வேண்டுமாம். ஊர் வைத்தியசாலைத் தராசில் நின்றேன். முள் கடைசி வரைக்கும் போய் நின்றுகொண்டது. அத்தான் என்னைச் சர்க்கரை ஆலைக்குக் கூட்டிக்கொண்டு போய் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினார். ஆலைக் குமாஸ்தா என்னைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இது வெள்ளையா, பழுப்பா? ஏற்றுமதிக்கா?" என்று கேட்டான். "கப்பல்ல எடம் இருக்கான்னு மொதல்ல கேளு" என்றேன். தொழிலாளிகள் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

டாக்டர் நம் ஆள்தான். தமிழில் 'வணக்கம்' மட்டும் தெரியும். அதைச் சொல்லி முடித்ததும் பிரெஞ்சுக்குப் போய்விட்டார். அம்மா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். அத்தான் வேலை நேர்காணலுக்கு வந்தவர் மாதிரி நின்றார்.

குடலில் பெரிய பகுதியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, மேல் முனையையும் கீழ் முனையையும் சேர்த்துத் தைத்துவிடுவாராம். சாப்பிட்டது உடம்பில் ஒட்ட நேரமே இருக்காதாம்.

"வெட்டின குடலை என்ன செய்வீங்க?"

"உள்ளேயே இருக்கும்."

"வேலை செய்யாம சும்மாவா? எங்க அத்தான் இதுக்கு ஒத்துக்க மாட்டாரே."

டாக்டர் சிரிக்கவில்லை. கொஞ்சம் வயிற்றுப்போக்கு இருக்கும் என்றார்.

"எத்தனை நாளைக்கு?"

"பார்க்கலாம்."

சுயாக்குக்கும் ரிவியேர் தே ஸாங்கீய்க்கும் நடுவே இரண்டு பக்கமும் கரும்பு. அது ஒன்றுதான் மறைவு. டிக்கெட் கொடுப்பவன் நடுவில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி எத்தனை தடவை கரும்புக்குள் ஓடுவான்? இதை நான் வாய்விட்டே கேட்டேன். அத்தான் என் முதுகில் இடித்தார்.

"இங்க எத்தனை பேருக்கு செஞ்சிருக்கீங்க டாக்டர்?"

"இந்தத் தீவில் நீதான் முதல் ஆள்" என்றார், பரிசு கொடுப்பது மாதிரி.

அத்தான் முகம் மலர்ந்தது. "பேப்பர்ல உன் படம் வரும் மச்சான்!"

"செத்தாலும் வரும் அத்தான்."

அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. பிறகு டாக்டர் நான் என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். காலையில் ரொட்டியும் டீயும், மத்தியானம் சோறு, பருப்பு, கீரை, ராத்திரி மறுபடியும் சோறு. சொல்லி முடிப்பதற்குள் பேனாவை மூடினார். "அவ்வளவுதானா? மற்றதெல்லாம் ரகசியமா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இது புதிதில்லை. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பத்து நாள் ஒழுங்காக நோன்பு இருந்துதான் காவடி எடுக்கிறேன். மீன் வாசனை வந்தால்கூட எழுந்து வெளியே போய்விடுவேன். கோவிலில் ஒருத்தனும் நம்பமாட்டான். "ஊசி குத்தறப்போ தெரியும்" என்பார்கள். நோன்பு தவறினவனுக்கு ரத்தம் வரும் என்பது எங்கள் நம்பிக்கை. கன்னத்திலும் நெஞ்சிலும் குத்தினார்கள், ஒரு சொட்டு வரவில்லை. "கொழுப்பு அடைச்சுக்கிச்சு" என்றார்கள். வேல் வந்து சாட்சி சொன்னாலும் நம்பாத கூட்டம். இப்போது சீமை டாக்டரும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார்.

சரி, வெட்டட்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன். குடலைக் குறைத்தும் நான் குறையாவிட்டால் யார் முகத்தில் கரி என்று பார்ப்போம்! முட்டாள்தனமான காரணம்தான். ஆனால் அன்றைக்கு அதுதான் எனக்குக் கிடைத்த ஒரே காரணம்.

ஆபரேஷனுக்கு முந்தின மாலை வார்டில் படுக்க வைத்தார்கள். கொடுத்த அங்கி முதுகில் மூடவில்லை. கிரியோல்காரி நர்ஸ் ஒருத்தி, என்னைவிடக் கொஞ்சம்தான் சின்ன உருவம், வந்து என் தலையணையைத் தூக்கிப் பார்த்தாள். மெத்தையைத் தட்டினாள். அலமாரியைத் திறந்து என் செருப்புக்குள்ளேகூடக் கையை விட்டாள்.

"என்னக்கா தேடறீங்க? மாப்பிள்ளையா?"

"சாப்பாடு. எனக்குத் தெரியாதா உங்களை மாதிரி ஆளுங்களை? காலைல வரைக்கும் ஒரு வாய் தண்ணிகூடக் கூடாது. ஒரு வாய் உள்ள போச்சுன்னா கத்தியே வைக்க மாட்டாங்க, கேட்டுக்கோ."

டாக்டர் உத்தரவுப்படி என்னைக் காவல் காக்க அம்மாவை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். பெற்ற தாயை எனக்குப் போலீஸாக்கினார்கள். பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து கிடந்த கிழவர் ஒருவர் சூப்பை உறிஞ்சிக் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு, உனக்கு இல்ல" என்று சொல்லிச் சிரித்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். என் நோன்பை நான் காத்தேன். நாக்கை நனைக்கக்கூட இல்லை.

காலையில் டாக்டர் வந்தார். பின்னாலேயே அத்தானும், ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில்.

"ஏதாவது சாப்பிட்டாயா?"

"இல்ல டாக்டர். தண்ணிகூட இல்ல." என் வாழ்க்கையில் இவ்வளவு நிமிர்ந்து நான் எதையும் சொன்னதில்லை.

அவர் என்னைப் பார்க்கவேயில்லை. அம்மாவிடம் திரும்பினார். "உண்மையா?"

அம்மா ஸ்டூலிலிருந்து எழுந்தாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"சாப்டுட்டான் டாக்டர்."

"என்ன?"

"ஃபராட்டா. ரெண்டு. விடிகாலையில."

நானா? எப்போது? பாவிகளா, என் வயிறு காய்ந்த தகரம் மாதிரி ஒட்டிக் கிடக்கிறது! அதற்குள் நர்ஸ் கையை இடுப்பில் வைத்தாள். "நான் அப்பவே நெனச்சேன் டாக்டர். உள்ள வரும்போதே வாசனை வந்துச்சு."

வாசனை! இல்லாத ஃபராட்டாவுக்கு வாசனை!

"போர்வைக்குள்ள வச்சு முழுங்கினான். நான் கண்ணால பாத்தேன்" என்றார் கிழவர்.

கிழவரின் காலை மறுபடியும் முறித்துவிட்டு, என் நாக்கை நீட்டி, இதோ பாருங்கள், பாலைவனம் என்று காட்டலாமா என்று நினைத்தேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டால் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவார்கள். அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. அன்றைக்கு டாக்டர் முன்னால் அவள் ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

"ரெண்டு இல்ல டாக்டர்" என்றேன். "நாலு. குரோ புவா மொச்சைக் குழம்போட."

வார்டே குலுங்கியது. டாக்டர் பிரெஞ்சில் கத்தினார். மயக்க மருந்து கொடுத்திருந்தால் வாந்தி மூச்சுக்குழலில் ஏறிச் செத்திருப்பேனாம், என்னைப் போன்ற ஆட்களுக்காகத்தான் அவர் சீமையிலிருந்து திரும்பி வந்தாராம். அத்தான் அதைவிடச் சத்தமாகக் கத்தினார். ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார், பாவம். பஸ்ஸில் இனி உனக்கு இடம் இல்லை என்று சொல்லிவிட்டு எங்களை விட்டுவிட்டே போய்விட்டார்.

இதில்தான் எனக்கு ஆறவில்லை. இத்தனை வருஷமும் உண்மையைச் சொன்னேன், ஒருத்தன் நம்பவில்லை. ஒரு பொய் சொன்னேன், ஒருத்தன்கூடக் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. ஃபராட்டாவை யார் கொண்டுவந்தார்கள், எதில் சுற்றி வந்தது, குழம்பு எங்கே சிந்தியது, ஒன்றும் கேட்கவில்லை. குண்டன் சாப்பிட்டான் என்றால் போதும், விசாரணையே இல்லாமல் தீர்ப்பு!

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலிருந்த பீனிக்ஸ் பஸ் நிலையத்தில் அம்மாவை நிறுத்திக் கேட்டேன்.

"முன்னாடியே சொல்லியிருந்தா நெஜமாவே சாப்பிட்டிருப்பேனேம்மா!"

"சொன்னா நீ நர்ஸுகிட்டயே சொல்லிச் சிரிச்சிருப்பே. உன் வாயைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"வேணாம்னு அத்தான்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"உங்க அத்தான் எப்ப யார் பேச்சைக் கேட்டாரு? குடலை வெட்டி உள்ளயே போடறானாம், எத்தனை நாள் பேதியாகும்னு கேட்டா பார்க்கலாம்னு சொல்றான். எம் புள்ளைய வச்சா இவன் பார்க்கணும்?"

பஸ் வந்தது. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம், அதாவது நான் உட்கார்ந்து மிச்சமிருந்த இடத்தில் அம்மா உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும் மனசு கேட்கவில்லை.

"அம்மா, உண்மையைச் சொல்லு. நான் திருட்டுத்தனமா சாப்பிடறேன்னு நீயும் நினைக்கறியா?"

அவள் ஜன்னல் வழியாகக் கரும்பைப் பார்த்தாள்.

"நோன்புல நீ ஒழுங்குடா. அது எனக்குத் தெரியும்."

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல... சந்தையில பஸ் நிக்கறப்போ கத்தோ பிமா சாப்பிடாமலா இருப்பே?"

சட்டென்று எழுந்துவிட்டேன். வீடு வரைக்கும் நின்றுகொண்டேதான் வந்தேன். டீக்கு முன்னால் நின்றபடி நாலு பருப்பு வடையை வாயில் போட்டுக்கொள்வதை உலகத்தில் எவனாவது சாப்பாடு என்று சொல்வானா?