அக்காவின் சதுப்பும் ஹாலந்துக்காரனின் சத்தியமும்

துருவத்துக்குப் பக்கத்தில், பின்மார்க்கில் இருக்கும் எங்கள் ஊரில் ஒருவரிடம் சம்பளம் கேட்கலாம், வயது கேட்கலாம், ஏன் விவாகரத்து ஆனது என்றுகூடக் கேட்கலாம். சதுப்பு நிலத்தில் தானாக விளையும் முல்ட்டே பழத்தை எங்கே பறித்தாய் என்று மட்டும் கேட்கக்கூடாது. கேட்டால் பொய்தான் வரும், அதுவும் சிரித்த முகத்தோடு வரும்.

என் அக்கா சோல்ஃப்ரிட் இந்தப் பொய்யில் கைதேர்ந்தவள். ஆகஸ்டு பிறந்தால் போதும், காரைத் தெற்கே ஓட்டிப்போய், ஊரே பார்க்கும்படி ரோட்டோரம் நிறுத்திவிட்டு, புதருக்குள் புகுந்து வடக்கே நடந்துவிடுவாள். மாலையில் தேன் நிறப் பழம் இரண்டு வாளி வரும். அந்தச் சதுப்பு எங்கே இருக்கிறது என்பதை எங்கள் அப்பா சாகும் தறுவாயில் அவளிடம் மட்டும் சொன்னார். என்னைக் காபி போடச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டார். முப்பது வருடமாகிறது, எனக்கு இன்னும் ஆறவில்லை.

சென்ற கோடையில் அவளுக்கு முழங்கால் ஆபரேஷன். அந்த வருடம் பார்த்துக் காய்ப்பும் அமோகம். நான் பூனை மாதிரிப் போய் உட்கார்ந்து, பறித்துவந்து பாதியைத் தருகிறேன் என்றேன். அழுகினாலும் அழுகட்டும் என்றுவிட்டாள்.

அப்போதுதான் யோஸ்ட் வந்தான். ஹாலந்துக்காரன், முப்பத்துநாலு வயது, அவன் ஊரில் மேடு என்றால் பாலம் ஒன்றுதான். பின்மார்க் மேட்டுநிலத்தை எட்டு நாளில் நடந்து கடக்கப்போவதாக, தன்னைவிடப் பெரிய மூட்டையோடு வந்து அக்காவின் வாடகை அறையில் தங்கினான். மழை பிடித்துக்கொண்டதில் புறப்பாடு ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. அக்கா அவனை எடைபோட்டாள். ஊர்க்காரனிடம் சொன்னால் சாகும்வரை பங்குக்கு வருவான். இவன் போனால் திரும்பிப் பார்க்கமாட்டான். யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, தனக்காகப் பறித்துவர வழியைச் சொல்லிவிட்டாள். எங்கேனும் குறித்துவைத்துவிடுவான் என்று அவன் மேப்பையும் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

முதல் நாள் அவன் வாளியோடு திரும்பியதை நான்தான் பார்த்தேன், இருட்டுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அடுத்த இரண்டு நாளும் அவனுக்கு ராஜ உபசாரம். ஒரு வீட்டில் கலைமான் கறி, இன்னொரு வீட்டில் சால்மன், என் வீட்டில் வாஃபிள். பயல் எல்லாவற்றையும் ஒரு பிடி பிடித்துவிட்டு, "வடக்கே" என்று மட்டும் சொன்னான். வடக்கே என்றால் துருவம் வரைக்கும் வடக்குதான்.

நான்காம் நாள் மதியம் மூடுபனி இறங்கியது. ஐந்து மணிக்கு அக்கா கூப்பிட்டாள். போனபோது கைத்தடியோடு வாசலில் நின்றிருந்தாள், முகம் வெளுத்திருந்தது.

"யோஸ்ட் இன்னும் வரலடா."

"எங்க அனுப்பின?"

"வடக்க."

"அக்கா, சதுப்புல கால வச்சா இடுப்பு வரைக்கும் போயிரும். வடக்கன்னா எங்க?"

அவள் கைத்தடியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினாள். எனக்கு ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"மேப்பையும் நாந்தான் பிடுங்கி வச்சேன்," என்றாள். அப்புறம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். இரண்டாவது ஓடையைத் தாண்டி, பிளந்த பாறைக்குப் பின்னால், இடதுகைப் பக்கம்.

பதினொரு பேர் கிளம்பினோம். ஒன்றரை மணி நேரம் கத்திக்கொண்டே நடந்தோம். பாறைக்குப் பின்னால் குழியில் கால் பிசகி, வீங்கிய கணுக்காலோடு உட்கார்ந்திருந்தான், குளிரில் பல் தந்தியடிக்க. கட்டுப் போட்டோம், கம்பளி போர்த்தினோம், சாக்லேட் கொடுத்தோம். பனி விலகியது. எதிரே சதுப்பு முழுக்கப் பழம். தலைமை தாங்கி வந்த தீயணைப்புக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் பையிலிருந்து ஒரு வாளியை எடுத்தார். பார்த்தால் பதினொரு பையிலும் வாளி. உயிரைக் காப்பாற்ற வந்தவர்கள் நாங்கள், வெட்கமில்லாமல் முக்கால் மணி நேரம் குனிந்த தலை நிமிரவில்லை. யோஸ்ட் மட்டும் போர்வைக்குள்ளிருந்து "அது அவங்களோடது, அது அவங்களோடது" என்று முனகிக்கொண்டிருந்தான்.

தூக்கிக்கொண்டு வந்து அக்கா வீட்டு சோபாவில் கிடத்தினோம். மற்றவர்கள் வாசலோடு நழுவிவிட்டார்கள். பக்கத்திலிருந்த அவன் போன் ஒளிர்ந்ததைப் பார்த்துவிட்டு அக்கா கேட்டாள்.

"அங்க போன்ல சிக்னல் எடுத்துச்சா, தம்பி?"

"எடுத்துச்சு."

"பின்ன ஏன் உதவிக்குக் கூப்பிடல?"

"எங்க இருக்கேன்னு கேப்பாங்களே," என்றான் அவன். "சொல்ல மாட்டேன்னு உங்ககிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்."

அக்கா அழுதாள். அப்பாவை அடக்கம் செய்த அன்றுகூட அவள் அழுது நான் பார்த்ததில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, கையை மட்டும் நீட்டினாள்.

"குடு அத."

கொடுத்தேன். என் வாளியை அப்படியே அவன் மடியில் வைத்து, சர்க்கரையும் கரண்டியும் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் இரண்டு வாய் சாப்பிட்டான், நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தான், மூன்றாவது கரண்டியை எனக்கு நீட்டினான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.